சோலைமந்தி: வால்பாறை போய்வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சியில் வீடு, வால்பாறை எஸ்டேட்டுகளில் பாதிச் சொந்தம், பையில் எப்போதும் ஒரு பைனாகுலர். இந்த மூன்றும் சேர்ந்ததால், நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய நண்பர்கள் எல்லோரும் போனில் இருக்கும் போட்டோவைக் காட்டி "இது என்ன குரங்கு, எதற்கு இதற்கு இவ்வளவு அலப்பறை?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

சிங்கவால் குரங்கு, சிங்கவால் மந்தி, சோலைமந்தி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். மலையாளத்தில் சிம்ஹவாலன், கன்னடத்தில் சிங்களீக, அறிவியல் பெயர் மக்காக்கா சைலெனஸ். முகத்தைச் சுற்றி இருக்கும் சாம்பல் வெள்ளைப் பிடரியைப் பார்த்துத்தான் சிங்கம் என்று பெயர் வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம் இருக்கும், பெயர் அதனால் வந்தது. பழந்தமிழில் மந்தி என்றால் பெண் குரங்கு, ஆண் என்றால் கடுவன். அந்தக் கணக்கில் "ஆண் சோலைமந்தி" என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் வழக்குக்கு முன்னால் நாம் என்ன செய்ய.

கருமந்தியும் கறுப்புதானே, எப்படிப் பிரித்துச் சொல்வது?

என்னிடம் வரும் பத்துப் போட்டோவில் ஏழு கருமந்திதான். நீலகிரி மந்தி என்றும் சொல்வார்கள். அதற்கு வால் நீளம், கிளையில் உட்கார்ந்தால் கயிறு மாதிரி நேராகக் கீழே தொங்கும்; தலைமயிர் பழுப்பு; பிடரி கிடையாது. சோலைமந்தியின் வால் அதில் பாதிகூட இருக்காது, நுனியில் குஞ்சம், முகத்தைச் சுற்றி வெள்ளை. சாப்பாட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். அசையாமல் உட்கார்ந்து இலையாகத் தின்றுகொண்டிருந்தால் கருமந்தி. நிமிடத்துக்கு ஒரு இடம் மாறி, பட்டையை உரித்து, காய்ந்த இலையைப் பிரித்துப் பார்த்து, எதையோ வாயில் போட்டுக்கொண்டே போனால் சோலைமந்தி.

உலகத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

வேறு எங்கும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும்தான், அதிலும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மட்டும். தெற்கே களக்காடு முண்டந்துறைப் பக்கத்து மலைகளில் தொடங்கி வடக்கே உத்தர கன்னட மாவட்டத்தின் மலைக்காடுகள் வரை. வரைபடத்தில் நீளமான கோடு மாதிரி தெரியும், ஆனால் அந்தக் கோடு முழுக்க அறுந்து அறுந்து கிடக்கிறது. காட்டில் மொத்தமே நான்காயிரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நடுத்தர ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் வந்துபோகும் கூட்டம், அவ்வளவுதான்.

சோலைமந்தி என்றால் ஊட்டி, கொடைக்கானல் சோலைகளில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. பெயரால் வரும் குழப்பம் இது. ஊட்டிப் பக்கம் புல்வெளிகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கும் குட்டை மரச் சோலையில் இருப்பது கருமந்தி. நம் ஆளுக்கு வேண்டியது அதற்குக் கீழே, பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில் இருக்கும் மழைக்காடு. முப்பது மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்கள், மேலே கிளையோடு கிளை கோத்துக்கொண்டு, வருடம் பூராவும் பச்சையாக இருக்க வேண்டும். அது தூங்குவது, தின்பது, குட்டியை வளர்ப்பது எல்லாம் அந்த மேல்மாடியில்தான். நல்ல காட்டில் ஒரு கூட்டத்தைக் காலையிலிருந்து மாலை வரை பின்தொடர்ந்தாலும் தரையில் கால் வைப்பதைப் பார்ப்பது அபூர்வம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது.

என்ன சாப்பிடும்?

பழம், கொட்டை, பூ, தேன், பூச்சி. பலா, அத்தி, நாவல் இனங்கள், அயினி என்று பட்டியல் நீளும், நூற்றுக்கு மேல் போகும். ஆனால் ஆனைமலையிலும் களக்காட்டுப் பக்கமும் ஒரே ஒரு மரத்தைச் சொல் என்றால் வெடிப்பலாவைத்தான் சொல்வேன்.

வெடிப்பலா டுரியனுக்குச் சொந்தக்காரன். காயும் அதே மாதிரி உருண்டையாக, முழுக்க முள்ளாக, கிளையிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். வருடத்தின் முதல் சில மாதங்களில் பூக்கும். அப்போது அந்த மரத்தடிக்குப் போனால் தரை தெரியாத அளவுக்குப் பழுப்பு நிறக் குழல் குழலாகக் கொட்டிக் கிடக்கும். அவைதான் பூ. இதழே கிடையாது, தடித்த புல்லிவட்டம் மட்டும். மேலே கூட்டம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து, சதைப்பற்றான பகுதியைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்தால் நம் கண்ணாடியிலும் இரண்டு விழும். காட்டில் பழம் குறைவாக இருக்கும் நாட்களில் இந்தப் பூ கைகொடுக்கிறது. இதற்கு வௌவால், மலையணில், மரநாய் எல்லாம் போட்டிக்கு வரும்.

அப்புறம் காய். முற்றுவதற்கு முன்பே கடித்துத் திறந்து உள்ளே இருக்கும் கொட்டையை எடுத்துவிடும். அந்த முள்ளைப் பார்த்தால் நமக்குக் கை வைக்கவே மனசு வராது. இவை இரண்டு கையாலும் பிடித்து, பல்லால் ஒரு ஓரத்தில் பிளவு உண்டாக்கி, விரலை விட்டுப் பிரிக்கும். குட்டிகள் அம்மா சிந்தியதைப் பொறுக்கித் தின்றே பழகும், முள்ளோடு மல்லுக்கட்டும் வேலை பிறகுதான்.

கன்னத்தில் பை இருப்பதால் அவசரத்துக்கு அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குப் போய் நிதானமாக மெல்லும். பழத்தோடு கொட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் துப்புவதால் காட்டுக்கும் கொஞ்சம் விதை விதைத்துக் கொடுத்த மாதிரி ஆகிறது. வெடிப்பலா விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது, அங்கே கொட்டையையே தின்றுவிடுகிறது!

பூச்சி தவிர வேறு உயிர்களைச் சாப்பிடுமா?

சாப்பிடும். சைவக் குரங்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சிலந்தி, நத்தை, மரத்தவளை, ஓணான், பறவை முட்டை, குஞ்சு, எப்போதாவது மலையணில் குட்டிகூட. பகலில் கணிசமான நேரம் இந்தத் தேடலுக்கே போகும். காய்ந்து சுருண்ட இலையைக் கண்டால் விடவே விடாது, பிரித்துப் பார்த்துவிடும்.

கம்பளிப்பூச்சியைக் கையாளும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மயிர் உடம்பில் பட்டால் நமக்கு எப்படி அரிக்கும், அதேதான் அதற்கும். ஒரு இலையைப் பறிக்கும், பூச்சியை அதில் வைத்து, நாம் துணி துவைப்பதுபோல முன்னும் பின்னும் தேய்க்கும், மயிர் போன பிறகு வாயில் போடும். இலையை ஒரு கருவி மாதிரிப் பயன்படுத்துவதாக 1980-களிலேயே ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கிறார். நான் பார்த்த பெண் குரங்கு தேய்த்து முடித்து, இலையை முகர்ந்து பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு இலை பறித்து மறுபடி தேய்த்தது. எங்கள் பாட்டி மீன் கழுவும்போது இப்படித்தான்.

கூட்டத்தில் எத்தனை இருக்கும்?

நல்ல காட்டில் பத்து முதல் இருபது வரை, சில இடங்களில் அதற்கு மேல். பெரும்பாலும் வளர்ந்த கடுவன் ஒன்று, மற்றவை பெண்களும் குட்டிகளும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடிப் போகும். ஒரு கூட்டத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து சதுர கிலோமீட்டர் காடு வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எந்த மரம் எப்போது பழுக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சுற்றி வர வேண்டும்.

மற்ற குரங்குகள் பெருகுகின்றன, இது மட்டும் ஏன் பெருகுவதில்லை?

பெண் முதல் குட்டி போடுவதற்கே ஆறு வயதுக்கு மேல் ஆகிறது. ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டு இடைவெளி. நம் கோயில்களில் பார்க்கும் நாட்டுக்குரங்கு ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று போடும், அதோடு ஒப்பிட்டால் இது ரொம்ப மெதுவான வண்டி. ரோட்டில் ஒரு தாய் அடிபட்டால் அந்தக் கூட்டம் அதைச் சரிக்கட்ட வருடக்கணக்காகும்.

காடுதான் இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, ஏன் அழியப்போகிறது என்கிறார்கள்?

வால்பாறையில் நின்று பார்க்கும்போது தெரியும் பச்சையில் பெரும்பகுதி தேயிலை. 1890-களில் தொடங்கி சில பத்தாண்டுகளில் வெள்ளைக்காரர்கள் அந்த மேட்டுநிலத்தை வெட்டித் திருத்தி முதலில் காபி, பிறகு தேயிலை என்று நட்டார்கள். ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். வெட்ட வசதிப்படாத சரிவு, ஓடைக்கரை, எஸ்டேட் தேவைக்கென்று விட்டுவைத்த ஓரம், இப்படி மிஞ்சியவைதான் இன்று நடுநடுவே தெரியும் காட்டுத் துண்டுகள், நாற்பது அளவில் இருக்கும். சில துண்டுகள் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குத்தான்.

தேயிலைச் செடி இடுப்பளவு. நிழலுக்கு நடும் சில்வர் ஓக் மரங்களோ ஒன்றோடொன்று கை கோக்காமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன, அதோடு அவற்றில் தின்ன ஒன்றும் இல்லை. மேல்மாடியிலேயே வாழ்ந்த பிராணிக்கு இது கடல் மாதிரி. ஆண்கள் வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, எங்கே போகும்? போகாவிட்டால் அதே துண்டுக்குள் சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம்.

வெட்டிச் சாய்த்தால்தான் அழிவு என்றும் இல்லை. ஏலத்தோட்டத்தைப் பாருங்கள். பெரிய மரங்கள் அப்படியே நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் காடு போலவே இருக்கும். ஆனால் ஏலத்துக்காக அடியில் உள்ள கன்றுகளை எல்லாம் வருடா வருடம் செதுக்கி எடுத்துவிடுவார்கள். இப்போது நிற்கும் மரம் வயதாகி விழும்போது அந்த இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை மரம் இருக்காது. இந்த மாதிரி அழிவு போட்டோவில் தெரியாது, அதனால் யாரும் கோபப்படுவதும் இல்லை.

இதோடு ரோடு, மின்கம்பி, அணை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் ஷராவதி பள்ளத்தாக்கில் 2019-இல் இந்தக் குரங்கின் பெயரிலேயே சரணாலயம் அறிவித்தார்கள். அதே பள்ளத்தாக்கில்தான் நீரேற்று மின்திட்டமும் வேண்டும் என்கிறார்கள்.

வால்பாறையில் தரையில் நடக்கிறது, வீட்டுக்குள்ளேயே வருகிறது. அப்புறம் எப்படி மரத்தை விட்டு இறங்காது என்கிறீர்கள்?

நீங்கள் பார்த்தது புதுத்தோட்டம் கூட்டமாக இருக்கும். டவுனை ஒட்டி, காபிக்கும் ரோட்டுக்கும் நடுவே 92 ஹெக்டேர் காட்டுத் துண்டு. அங்கே மேல்கிளை இணைப்பு அறுந்து பல வருடம் ஆகிவிட்டது, அதனால் இறங்கப் பழகிவிட்டன. காபிப் பழம், கொய்யா, நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வந்து நட்ட மீசாப்சிஸ் மரத்தின் பழம் என்று புதுச் சாப்பாடும் கற்றுக்கொண்டன. அங்கிருந்து லைன் வீடுகளுக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஒரே எட்டு.

என் அத்தை வீடு அந்த மாதிரி ஒரு லைனில்தான். ஓட்டைத் தூக்கி உள்ளே இறங்கி அரிசிப் பானையைக் கவிழ்த்துவிட்டுப் போகும். "ஏன்டா, இதைக் காப்பாத்தணும்னு டவுன்ல மீட்டிங் போடுறீங்களே, என் வீட்டு ஓட்டுக்கு யாரு காசு கொடுப்பா?" என்று அத்தை கேட்டால் என்னிடம் பதில் இல்லை. காலை ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போனால் மாலைதான் வீடு திரும்ப முடியும், பகல் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அத்தையின் எரிச்சல் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

அங்கே எண்ணிக்கை கூடியிருக்கிறதாமே, நல்லதுதானே?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். ஆமாம், அந்தச் சின்னத் துண்டில் நூறுக்கும் மேல் இருக்கின்றன. பெருங்காட்டில் ஒரு கூட்டத்துக்கே போதாத இடம் அது. உள்ளே உள்ள மரங்கள் அத்தனை வாய்க்குச் சோறு போட முடியாது, அதனால்தான் ரோடு, குப்பைத்தொட்டி, சமையலறை. வெளியே போகவும் வழி இல்லை. மாப்பிள்ளை வீட்டில் இடம் இல்லாமல் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தால் குடும்பம் செழிக்கிறது என்று சொல்வோமா? அந்தக் கூட்டத்தில் அடுத்த தலைமுறை, மழைக்காட்டில் எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரியாமலே வளர்கிறது, எனக்கு அதுதான் கவலை.

ரோட்டுக்கு மேலே ஏதோ பட்டை கட்டித் தொங்குகிறதே, அது என்ன?

குரங்குப் பாலம். தீயணைப்புக்குப் பயன்படும் கான்வாஸ் குழாய் மாதிரியான பட்டைகளை இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்குமாகக் கட்டியிருப்பார்கள். வனத்துறையும், அங்கே நீண்ட காலமாக வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து செய்தது. முதலில் சந்தேகப்படும், பிறகு குட்டிகள் ஆடி விளையாடத் தொடங்கியதும் பெரியவையும் ஏறிவிடும். வண்டிகளை நிறுத்திக் குரங்கைக் கடக்க விடும் காவலர்களும் ரோட்டோரம் நிற்பார்கள். எல்லாம் சரி, ஆனால் பாலம் முதலுதவிதான். காட்டு மரக் கன்றுகளை நட்டு அறுந்த கிளையை மறுபடி சேர்க்கும் வேலையும் அங்கே நடக்கிறது, அதன் பலன் தெரிய ஒரு மனித ஆயுள் வேண்டும்.

கருங்குரங்கு லேகியத்துக்காக வேட்டையாடியது இதைத்தானா?

லேகியக்காரர்கள் தேடியது பெரும்பாலும் கருமந்தியை. ஆனால் இருட்டுக் காட்டில் துப்பாக்கிக்கு இரண்டும் கறுப்புதான். இறைச்சிக்காகவும் அடித்திருக்கிறார்கள். இப்போது வேட்டை குறைந்திருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அந்த லேகியத்தால் எந்த நோயும் தீராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. அதே சட்டம்.

சைலன்ட் வேலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்ட நினைத்தார்கள். 1970-களின் கடைசியில் ஆசிரியர்கள், கவிஞர்கள், அறிவியல் இயக்கக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தின் முகமாக ஆனது இந்தக் குரங்குதான். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் அது தேசியப் பூங்காவானது. "ஒரு குரங்குக்காக மின்சாரத்தை விடுவதா?" என்று அன்றைக்குக் கிண்டல் செய்தார்கள். உண்மையில் காப்பாற்றப்பட்டது ஆறும் காடும். நம் பக்கம் அதற்கும் முன்பே, 1976-இல், திருநெல்வேலி மலையில் களக்காடு சரணாலயம் இந்தக் குரங்கை மனதில் வைத்தே உண்டானது. இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

ஒரே ஒரு வாழைப்பழம் போட்டால் என்ன ஆகிவிடும்?

உங்களுக்கு ஒன்று. உங்களுக்குப் பின்னால் வரும் வேனுக்கு ஒன்று, அதற்குப் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட். ரோட்டோரம் உட்கார்ந்தால் சாப்பாடு வரும் என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். பிறகு அது காட்டுக்குள் திரும்ப என்ன அவசியம்? நம் சளியும் காசநோயும் அதற்கும் தொற்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கூட்டம் பெரும்பாலும் ரோட்டைக் கடந்துவிட்டது, கடைசியாக வயிற்றில் குட்டியோடு ஒரு பெண் குரங்கு. நடுரோட்டில் யாரோ போட்ட முறுக்குத் துண்டைக் கண்டு நின்றுவிட்டது. வளைவில் வேன். டிரைவர் மிதித்த மிதியில் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் முன் சீட்டில் போய் இடித்தார்கள். டயருக்கும் அதற்கும் இரண்டு அடி இருக்கும். அது முறுக்கை விடாமல் எடுத்துக்கொண்டுதான் போனது.

சரி, முறையாகப் பார்க்க வேண்டும் என்றால்?

சென்னைக்காரர்களுக்கு வண்டலூர் இருக்கிறது. காட்டில் என்றால் வால்பாறைக்கு ஜனவரி முதல் ஏப்ரலுக்குள், வார நாளில் வாருங்கள். வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், பையில் இருக்கும் தின்பண்டத்தை ஜிப் போட்டு மூடுங்கள். காட்டுக்குள் நுழைய வேண்டாம், அனுமதியும் கிடையாது, ரோட்டிலிருந்தே தெரியும். குரங்கைத் தேடாதீர்கள், வெடிப்பலாவைத் தேடுங்கள். தார் ரோட்டில் பழுப்புக் குழல் பூ சிதறிக் கிடந்தால் அங்கே நின்று கொஞ்ச நேரம் காது கொடுங்கள். மேலே கிளை முறியும் சத்தம் கேட்டு, புதிதாக இரண்டு பூ உங்கள் காலடியில் விழுந்தால் அண்ணாந்து பாருங்கள். வாயை மட்டும் மூடிக்கொண்டு பாருங்கள், எனக்கு அனுபவம் இருக்கிறது.